செத்த காலேஜ், உயிர் காலேஜ்

எழும்பூரில் பாந்தியன் ரோடு என்று ஒரு ரோடு இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் அதைப் பாண்டியன் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் கொஞ்சம் அழுத்தி, 'பாந்தியன்' என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். "பாண்டியன் ரோடா? மியூசியம்னு சொல்ல வேண்டியதுதானே சார்" என்று உங்களைத் திருத்துவார். கூடவே பத்து ரூபாய் சேர்த்துக் கேட்பார், அது வேறு விஷயம்.

நெடுஞ்செழியனுக்கோ சுந்தர பாண்டியனுக்கோ அந்த ரோட்டோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அது கிரேக்க வார்த்தை. எல்லா சாமிகளும் சேர்ந்து குடியிருக்கும் கோயில் என்று அர்த்தம். ஆனால் எழும்பூர் பாந்தியனில் சாமி இல்லை, பூசாரி இல்லை, பிரசாதம் மட்டும் புட்டி புட்டியாக இருந்திருக்கிறது. கும்பெனி உத்தியோகஸ்தர்கள் ராத்திரி கூடி, சாப்பிட்டு, டான்ஸ் ஆடி, நாடகம் போட்டு, விடியற்காலையில் பல்லக்கில் வீடு திரும்பிய இடம் அது. அந்த இடத்தில்தான் இன்றைக்கு நம் மியூசியம் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் பாட்டி மியூசியம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் புரசைவாக்கத்தில் வளர்ந்தவர். "காணும் பொங்கலன்னிக்குக் காலைல செத்த காலேஜு, மத்தியானம் கட்டுச்சோறு, சாயங்காலம் உயிர் காலேஜு" என்பார். சின்ன வயதில் எனக்கு ஒன்றும் புரியாது. செத்தவர்களுக்கு எதுக்குக் காலேஜ்? பரீட்சை உண்டா? பாஸ் பண்ணினால் என்ன வேலை கொடுப்பார்கள்?

விஷயம் இதுதான். மியூசியத்தில் பாடம் பண்ணி வைத்த புலி, ஜாடியில் மிதக்கும் பாம்பு, எலும்புக்கூடு... எல்லாம் செத்தவை. ஆகவே செத்த காலேஜ். சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிசாலையில் எல்லாம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. ஆகவே உயிர் காலேஜ். செத்ததும் உயிரும் சரி. இதில் 'காலேஜ்' எங்கிருந்து வந்தது? சென்னை ஜனங்கள் படிப்பறிவில்லாமல் உளறிவிட்டார்கள் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். இல்லை சார். நம் ஆட்கள் துல்லியமாகத்தான் சொன்னார்கள். அந்த மியூசியம் நிஜமாகவே ஒரு காலேஜில்தான் பிறந்தது.

நுங்கம்பாக்கத்தில் காலேஜ் ரோடு தெரியும் இல்லையா? தெரியாமல் இருக்காது. அந்த ரோட்டில் பெண்கள் கல்லூரி ஒன்று இருக்கிறது. அந்தப் பஸ் ஸ்டாப்பில் காரணமில்லாமல் நின்ற அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். ரோட்டுக்குப் பேர் வந்தது அதனால் அல்ல. அந்தக் கல்லூரி 1915-ல் வந்தது. அதற்கு நூறு வருஷம் முன்னாலேயே அங்கே இன்னொரு காலேஜ் பேர் வாங்கியாயிற்று. புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. 1812-ல் எல்லீஸ் துரை ஆரம்பித்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் இளம் கும்பெனி அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக் கொடுக்கிற இடம். இருபது வயசுப் பையன்கள் தலையைச் சொறிந்துகொண்டு நம் எழுத்தை எழுதிப் பழகியிருப்பார்கள். அதை நினைத்துப் பார்த்தால், நாம் இங்கிலீஷ் இலக்கணத்தில் பட்ட பாட்டுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

அந்த வளாகத்தைத்தான் ரொம்ப காலம் டி.பி.ஐ. என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம். வாத்தியார் டிரான்ஸ்ஃபருக்கு மனுவோடு அலைகிறவர்களுக்கு அதன் ஒவ்வொரு மரமும் பழக்கம். அந்த மரங்களுக்கு நடுவில் இருந்த பழைய காலேஜ் கட்டடத்தின் மாடியில் 1851-ல் கடை விரித்ததுதான் இன்றைய எழும்பூர் மியூசியம்.

கடை என்று சும்மா சொல்லவில்லை. நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் முதலில் ஆரம்ப இருப்பு எவ்வளவு, இறுதி இருப்பு எவ்வளவு என்றுதான் புத்தி போகும். ஆரம்ப இருப்பு: 1,100 கல். ஆமாம், கல்தான். சென்னை இலக்கியச் சங்கம் என்று வெள்ளைக்காரர்கள் நடத்திய ஒரு சங்கம் இருந்தது. இன்றைக்கும் அதே வளாகத்தில் பழம்புத்தக வாசனையோடு இருக்கிறது. அவர்கள் சேர்த்து வைத்திருந்த பாறைத் துண்டு, தாதுக் கட்டி இத்யாதிகளை வைத்துக்கொள்ள இடமில்லை. 1846-ல், "இதையெல்லாம் வைத்து ஒரு மியூசியம் ஆரம்பித்தால் என்ன?" என்று யோசனை வந்தது. யோசனை கவர்னருக்குப் போய், கவர்னர் பாட்டிஞ்சர் லண்டனில் இருந்த கும்பெனி டைரக்டர்களுக்கு எழுதி, கடிதம் கப்பல் ஏறி, பதில் கப்பல் இறங்கி... காரியம் நடந்தது 1851-ல். அஞ்சு வருஷம். இன்றைக்கு ஈமெயில் வைத்துக்கொண்டு நம் ஆபீஸ்களில் ஒரு ஃபைல் நகர்கிற வேகத்தைப் பார்த்தால் கும்பெனிக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொறுப்பாளராகப் போட்டது எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டரை. கவர்னரின் மெய்க்காவல் படைக்கு வைத்தியர். அந்த வேலையோடு சேர்த்து இதையும் பாருங்கள் என்றார்கள். கூடுதல் பொறுப்பு! சர்க்கார் உத்தியோகத்தில் இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டால் நாம் லீவு லெட்டர் எழுதுவோம். பால்ஃபர் வேறு ஜாதி. ஸ்காட்லாந்துக்காரர், 1834-ல் இந்தியா வந்தவர், அப்போது முப்பத்தேழு வயசு. மரத்தை வெட்டினால் மழை குறையுமா என்று 1849-லேயே கட்டுரை எழுதின ஆள். சேப்பாக்கம் நவாப் தர்பாருக்குக் கும்பெனியின் ஏஜெண்டாகவும் இருந்தார். உருதும் பாரசீகமும் தெரியும். பின்னால் இந்தியாவைப் பற்றி ஒரு கலைக்களஞ்சியமே போட்டார். பெண்களை மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்க்கலாம் என்று 1875-ல் கதவைத் திறந்துவிட்டவர்களில் அவருக்கு முக்கியப் பங்கு. சில பேருக்குத் தூக்கமே வராது போலிருக்கிறது.

அவர் சேர்க்க ஆரம்பித்தார். கல், கிளிஞ்சல், செடி, பூச்சி, காசு, சிலை. யார் எங்கே டிரான்ஸ்ஃபரில் போனாலும், போகிற இடத்தில் கிடைத்ததை அனுப்பு என்று சொல்லி வைத்தார். 1853-ல் கணக்குப் பார்த்தால் 19,830 பொருள்கள்! இரண்டு வருஷத்தில் சரக்கு பதினெட்டு மடங்கு. எந்த மியூச்சுவல் ஃபண்டிலும் இந்த வளர்ச்சி கிடையாது.

பிரச்னை என்னவென்றால் வளர்ந்தது பணம் இல்லை, பாறை. ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இத்தனையையும் ஏற்றி, அதைப் பார்க்க ஜனங்களையும் ஏற்றினால் என்ன ஆகும்? வாடகை வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி கட்டியவர்களைக் கேளுங்கள். இடமும் போதவில்லை, கட்டடமும் தாங்கிற நிலையில் இல்லை. பால்ஃபர் வேறு வீடு தேட ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் அமராவதியைச் சொல்லிவிட வேண்டும். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்த ஸ்தூபி. கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷத்துப் பழசு. வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் தாமரை, யானை, குதிரை, கும்பிடுகிற ஜனங்கள் என்று நுணுக்கமாகச் செதுக்கிய பலகைகள். 1845-ல் வால்டர் எலியட் என்ற அதிகாரி அங்கே தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். வந்து சேர்ந்த சிற்பங்களை எங்கே வைத்தார்கள்? காலேஜுக்கு முன்னால், வெளியில், புல் தரையில். மாடியில் 1,100 பாறைத் துண்டுக்குக் கண்ணாடி அலமாரி. கீழே ரெண்டாயிரம் வருஷத்துச் சிற்பத்துக்கு வெயில், மழை. சென்னை வெயில் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருஷக்கணக்கில் கிடந்தன. அதில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை 1859-ல் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். சரி, அங்கேயாவது மரியாதை நடந்ததா என்றால், 1867-ல் ஃபெர்கூசன் என்ற கலை ஆராய்ச்சிக்காரர் தேடிப் போனபோது அவை ஒரு குதிரைவண்டிக் கொட்டகையில் கிடந்தனவாம்! இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. பாதுகாப்பதற்காக எடுத்துப் போனோம் என்று யாராவது சொன்னால் அந்தக் குதிரைக் கொட்டகையை ஞாபகப்படுத்துங்கள். அதற்காக நாமும் மீசை முறுக்க வேண்டாம். எடுத்துப் போவதற்கு முன்னால் அவை கிடந்தது நம் ஊர்ப் புல்லில்.

மீதம் இருந்ததும், பின்னால் தோண்டி எடுத்ததும் சேர்ந்து எழும்பூரில் ஒரு பெரிய கூடம் நிறைய இருக்கின்றன. சென்னையில் பிறந்து வளர்ந்த என் நண்பர்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணினேன். ஒரு கையிலேயே விரல் மிச்சம்.

புது வீட்டுக் கதைக்கு வருவோம். எழும்பூரில் காலியாக இருந்தது நான் முதலில் சொன்ன பாந்தியன்.

அதன் பத்திரத்தைப் பார்த்தால் வில்லங்க சர்டிஃபிகேட் எடுக்கிறவருக்குத் தலை சுற்றும். 1778-ல் ஹால் ப்ளூமர் என்ற கும்பெனி ஊழியருக்கு 43 ஏக்கர் ஒதுக்கினார்கள். 43 ஏக்கர்! எழும்பூரில்! நாம் ஊரப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் அரை கிரவுண்டுக்கு இருபது வருஷ லோன் போட்டுக்கொண்டிருக்கிறோம். ப்ளூமர் ஊழியர் மட்டும் இல்லை, சர்க்கார் கட்டட வேலைகளுக்கு கான்ட்ராக்டரும் அவரே. ஊழியரே கான்ட்ராக்டர் என்றால் அந்தக் காலத்தில் யாரும் புருவத்தைத் தூக்கவில்லை. இந்தக் காலத்தில் மச்சினன் பேரில் எடுப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

1793-ல் அவர் அந்த இடத்தை 24 பேர் கொண்ட ஒரு கமிட்டிக்குக் கொடுத்தார். கமிட்டியின் வேலை ஊரில் பொழுதுபோக்குகளை நடத்துவது. எவ்வளவு நல்ல கமிட்டி பாருங்கள். நம் அபார்ட்மெண்ட் அசோசியேஷனில் மோட்டார் ரிப்பேரைத் தவிர வேறு பேச்சு உண்டா? அந்த 24 பேர் புண்ணியத்தில் பாந்தியனில் விருந்தும் நடனமும் நாடகமும் அமோகமாக நடந்தன. ஜமா எப்போது கலைந்ததோ, 1821-ல் கமிட்டி அந்த மாளிகையையும் நடுத் தோட்டத்தையும் மூரத் என்ற ஆர்மீனிய வியாபாரிக்கு விற்றுவிட்டது. மூரத் ஒன்பது வருஷம் வைத்திருந்துவிட்டு 1830-ல் சர்க்காருக்கே விற்றார். விலை 28,000 ரூபாய். முதலில் சர்க்கார் கொடுத்த நிலம். சர்க்காரே காசு கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொண்டது. கணக்குப் பாடம் படித்தவன் என்ற முறையில் இந்தப் பதிவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை.

வாங்கி என்ன செய்தார்கள்? கலெக்டர் கச்சேரி வைத்தார்கள். பாட்டுக் கச்சேரி இல்லை, வரிக் கச்சேரி. நாற்பது வருஷம் முன்னால் துரைமாரும் துரைசானிமாரும் சுழன்று சுழன்று ஆடின மரத் தரையில் மிராசுதார்கள் துண்டைக் கையில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். 1854 டிசம்பரில் பால்ஃபர் தன் கல்லு, கிளிஞ்சல், ஜாடி எல்லாவற்றையும் நுங்கம்பாக்கத்திலிருந்து வாரிக்கொண்டு இங்கே குடி வந்தார். மார்கழி மாசத்தில் வீடு மாற்றக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்தப் பக்கம் காலேஜும் அதே வருஷம் மூடப்பட்டது. ஆனால் ஜனங்களுக்கு என்ன? 'காலேஜுக்குப் போய் வேடிக்கை பார்த்தோம்' என்று பழகின நாக்கு. இடம் மாறினாலும் பேர் மாறவில்லை. மாம்பலத்துக்கு மாறிப் போன மயிலாப்பூர் ஓட்டலுக்கு 'மயிலாப்பூர்' என்றே போர்டு இருக்கிற மாதிரி.

இனி புலி.

பால்ஃபருக்கு ஒரு கவலை இருந்தது. மியூசியத்துக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை. யாராவது படித்தவர்கள் நாலு பேர் வந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "ஹூம், சுவாரசியம்" என்று சொல்லிப் போனால் போதும் என்று நினைத்திருந்தால் அவருக்குக் கஷ்டமே இல்லை. அவர் அப்படி நினைக்கவில்லை. ஊர் ஜனம் வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். அப்போது மியூசியத்துக்கு ஒரு புலியும் ஒரு சிறுத்தையும் வந்து சேர்ந்தன. உயிரோடு. அவ்வளவுதான், கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. பாறைத் துண்டை எட்டிப் பார்க்காதவன் புலியைப் பார்க்க மாமியாரையும் கூட்டி வந்தான்.

இந்த இடத்தில் பெரும்பாலான அறிவாளிகள் என்ன செய்வார்கள் தெரியுமா? 'ஜனங்களுக்கு ரசனை இல்லை' என்று ஒரு கட்டுரை எழுதுவார்கள். இதே பத்திரிகையில் கூட அப்படி நிறைய வந்திருக்கிறது. பால்ஃபர், "புலி வேணுமா? இந்தா இன்னும் நாலு" என்று கிளம்பிவிட்டார். நேராகச் சேப்பாக்கம் போய் ஆற்காட்டு நவாப் குலாம் கௌஸ் கானிடம் பேசினார். நவாப் தான் வைத்திருந்த மிருகங்களை எல்லாம் கொடுத்துவிட்டார். ஏஜெண்டாக இருந்த பழக்கம் உதவியது. அந்த நவாப் 1855-ல் வாரிசில்லாமல் காலமானார். வாரிசில்லை என்ற சாக்கில் கும்பெனி அந்த நவாப் பட்டத்தையே முடித்து வைத்தது. ராஜ்ஜியம் போயிற்று, அரண்மனை கைமாறிற்று, மிருகங்கள் மட்டும் அதற்கு முன்பே ஊர்ப் பொதுச் சொத்தாகிவிட்டன. நல்ல வேளை.

1855-ல் பாந்தியன் தோட்டத்தில் முறையாக மிருகக்காட்சிசாலை. அடுத்த வருஷமே முந்நூறுக்கு மேல் ஜீவராசிகள். ஒரே காம்பவுண்டுக்குள் செத்ததும் உயிரும். நினைத்துப் பாருங்கள்... உள்ளே பாடம் பண்ணின புலி கண்ணாடிக் கண்ணோடு முறைத்துக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு வெளியே நிஜப் புலி உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கிற வேலைக்காரருக்குச் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் எப்படி இருந்திருக்கும்? எனக்கென்னவோ அவருக்கு அதிகச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அந்த உற்சாகத்தில் பால்ஃபர் ஜில்லாக்களிலும் குட்டி மியூசியங்கள் வர வேண்டும் என்று பாடுபட்டார். கடலூர், கோயமுத்தூர், பெல்லாரி, மங்களூர் என்று அங்கங்கே முளைத்தன. சில வருஷத்திலேயே மூடவும் மூடினார்கள். கடலூர்க்காரரும் கோயமுத்தூர்க்காரரும் தங்கள் ஊர்ப் பழம்பொருளைப் பார்க்க மெட்ராஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதாயிற்று. தலைநகரத்தில் இருந்தால்தான் சரித்திரம் என்ற வியாதி நமக்கு அப்போதே பிடித்திருக்கிறது.

புலி வளர, கூண்டு வளர, சத்தமும் வாசனையும் வளர, பாந்தியன் தாங்கவில்லை. ட்ரெவெலியன் கவர்னராக இருந்தபோது பிளான் போட்ட பீப்பிள்ஸ் பார்க், பிற்காலத்து சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நூறு ஏக்கருக்கு மேல், தயாராக இருந்தது. 1863-ல் மிருகங்களை எல்லாம் அங்கே மாற்றினார்கள். அதோடு தனித்தனி வீடு, தனித்தனி பேர். இங்கே செத்த காலேஜ். அங்கே உயிர் காலேஜ்.

உயிர் காலேஜ் பின்னால் வண்டலூருக்குப் போனது. 1985-ல் அங்கே திறந்தார்கள். அதே வருஷம்தான் பக்கத்தில் மூர் மார்க்கெட் எரிந்து போனது. அந்தப் பூங்கா இருந்த இடத்தில் ஸ்டேடியம், ரிப்பன் மாளிகை, ரயில்வே கட்டடம் என்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். ஊரைத் தாண்டிப் போனதும் உயிர் காலேஜ் என்ற பேரும் உயிரை விட்டது. வண்டலூருக்கு 'ஜூ' என்றுதான் இப்போது குழந்தைகள்கூடச் சொல்கிறார்கள்.

முன்னே ஆடிட்டர் ஆபீஸில் என்னோடு குப்பை கொட்டின நண்பர் ஒருவர் இந்தக் கதையை எல்லாம் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிப்பா, வரவு என்ன, செலவு என்ன? உடைஞ்ச சிலையையும் செத்த பாம்பையும் வெச்சுக்கிட்டு அரசாங்கத்துக்கு என்ன பிரயோஜனம்? அந்த இடத்துல ஒரு ஐ.டி. பார்க் கட்டினா..." என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. லாப நஷ்டக் கணக்குப் போட்டால் மியூசியம் தேறாது. ஆனால் ஒன்று பாருங்கள். 1860-களில் இங்கிலாந்தில் ஹெய்லிபரி கல்லூரியில் மிஞ்சிப்போன புத்தகங்களை மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் மியூசியத்தில் போட்டார்கள். பால்ஃபருக்கு அடுத்து வந்த காப்டன் மிட்செல் ஒரு ஓரத்தில் அடுக்கி வைத்தார். அந்த ஓரம்தான் வளர்ந்து 1896-ல் கன்னிமாரா நூலகமாகத் திறக்கப்பட்டது. இந்தியாவில் அச்சாகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பிரதி அங்கே போக வேண்டும் என்பது இன்றைக்குச் சட்டம். பத்திரிகைக்கும்தான். நான் எழுதுகிற இந்தப் பக்கம்கூட அங்கே போய் உட்காரும். கன்னிமாராவில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்து வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்! அந்த வரவை நண்பர் எந்தப் பேரேட்டில் எழுதுவார்?

அவர் விடவில்லை. "அது லைப்ரரி. நான் கேட்டது செத்த பாம்பு."

அவரிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். செத்த காலேஜ் என்ற பேரில் கேலி மட்டும் இல்லை, கொஞ்சம் பயமும் இருந்தது. 1885-லிருந்து 1908 வரை மியூசியத்துக்குத் தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். இவருக்கு மனிதர்களை அளப்பதில் பைத்தியம். மூக்கு எவ்வளவு நீளம், மண்டை எவ்வளவு அகலம் என்று இடுக்கி மாதிரி ஒரு கருவியோடு ஊர் ஊராகப் போனார். மியூசியத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் விடவில்லை. வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைப் பார்த்ததும் ஓட்டம் பிடித்தார்கள். ஏன் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்: தங்களில் லட்சணமானவர்களைப் பிடித்துப் போய்ப் பாடம் பண்ணி மெட்ராஸ் மியூசியத்தில் வைக்கப் போகிறார் என்று நினைத்தார்களாம்.

அவர் இதைத் தமாஷாகத்தான் எழுதினார். படித்துவிட்டு நானும் முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெண்கள் சொன்னதில் பாதி உண்மைதானே? ஆளைப் பாடம் பண்ணவில்லை, சரி. ஆனால் மூக்கையும் மண்டையையும் அளந்து, புகைப்படம் எடுத்து, தென்னிந்தியாவின் ஜாதிகளும் குலங்களும் என்று 1909-ல் ஏழு வால்யூமாகப் போட்டு அலமாரியில் வைத்தார். புலியைப் பார்க்க வந்த ஜனத்துக்காகக் கூண்டு கட்டினார் ஒருவர். வேடிக்கை பார்க்க வந்த ஜனத்தையே வேடிக்கைப் பொருளாகப் பார்த்தார் இன்னொருவர். இரண்டு பேரும் உட்கார்ந்தது அதே நாற்காலிதான். எனக்கு யாரைப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1940-ல் அந்த நாற்காலியில் முதல் தடவையாக ஒரு இந்தியர் வந்து உட்கார்ந்தார். ஐயப்பன். மானுடவியல்காரர்.

நிஜமாகவே போய்ப் பார்க்கிறதாக இருந்தால் ரெண்டு மூன்று விஷயம். எழும்பூரில் வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டு வேளையிலேயே போய்விட்டு வந்துவிடலாம். ஆனால் எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். கால் வலிதான் மிச்சம். நேராக அமராவதிக் கூடத்துக்குப் போங்கள். பத்து நிமிஷம் ஒரே கல்லின் முன்னால் நில்லுங்கள். புல்தரை வெயில் தின்றது போக எவ்வளவு மிச்சம் என்று தெரியும். அப்புறம் வெண்கலச் சிலைகள். குழந்தைகள் கூட வந்தால் திமிங்கல எலும்புக்கூடு. மங்களூர்க் கரையில் ஒதுங்கியதாம், 1874-ல்.

காணும் பொங்கலன்று வேண்டாம், கூட்டத்தில் திமிங்கலம்கூட நசுங்கிவிடும். வெள்ளிக்கிழமையும் போகாதீர்கள். செத்த காலேஜுக்கு அன்றைக்கு லீவு.